முத்திரை உடைந்திருந்தது

5 ஜனவரி, திங்கள்

காலை ஆறரை மணிக்கு மாடி வீட்டுக் கோதண்டராமன் படிக்கட்டில் நின்றபடியே கத்தினார்.

"மேடம்! நோட்டீஸ் குடுத்துட்டான்! உங்க பிள்ளை அரசு இருக்கற நாடு நோட்டீஸ் குடுத்துட்டான்!"

முப்பத்தைந்து வருடம் வங்கியில் இருந்தவருக்கு ஒரு செய்தியைத் தணிந்த குரலில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "உள்ள வந்து சொல்லுங்க. தெருவுக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து அந்த நாடு விலகுகிறதாம். மூன்று மாத முன்னறிவிப்பு. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் ஐந்தாம் தேதியோடு தொண்ணூறு நாள் முடிகிறது. அதுவரை ஆய்வாளர்கள் அங்கே இருக்கலாம்.

நாட்டின் பெயரை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. வேலையைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்று திருநாவுக்கரசு கையெழுத்துப் போட்டிருக்கிறான். மகன் போட்ட கையெழுத்து தாயின் நோட்டிலும் செல்லும்.

அவன் சர்வதேச முகமை ஒன்றில் ஆய்வாளர். ஒரு நாடு தன் யுரேனியத்தை மின்சாரத்துக்கு வைத்திருக்கிறதா, குண்டுக்கு வைத்திருக்கிறதா என்று பார்ப்பது அந்த முகமையின் வேலை. கிடங்கில் இருப்பதை அளந்து, பெட்டிகளுக்குக் கம்பி கோத்து முத்திரை வைப்பான். அடுத்த முறை போகும்போது முத்திரை கலையாமல் இருக்கிறதா என்று பார்ப்பான். காசளவு பித்தளைக் கிண்ணி அது. உள்ளே ஊசியால் கீறிய கோடுகள் இருக்கும், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. பயிற்சிக்கு வைத்திருந்ததில் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். பொத்தான் டப்பாவில் இருக்கிறது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை.

7 ஜனவரி

ஜெராக்ஸ் கடையில் ஒப்பந்தத்தை அச்செடுத்து வந்தேன். பதினொரு விதிகள்தான். உலகத்தையே காப்பாற்றக் கிளம்பிய தாள் ஆறு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. சிவப்புப் பேனா வைத்துக்கொண்டு படித்தேன்.

விலகுவதற்குப் பத்தாவது விதியில் அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். காரணம் சொல்லி மூன்று மாதம் முன்பு தெரிவித்தால் போதும். ஆகவே அந்த நாடு செய்வது சட்டப்படி சரி. குண்டு வைத்திருக்கும் ஐந்து நாட்டார் அதைக் குறைக்க நல்லெண்ணத்தோடு பேசுவார்கள் என்று ஆறாவது விதி சொல்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் பள்ளியாக இருந்தால் அந்த ஐந்து பேரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

11 ஜனவரி, ஞாயிறு

நான்கு மணிக்கு அரசு பேசினான். ஞாயிறு நான்கு மணி என்றால் நான்கு மணிதான். அது நான் வைத்த பழக்கம்.

முட்டி வரை பனியாம். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் தினமும் அக்ரூட் பருப்பு கொடுக்கிறாராம். "அவருக்கும் எனக்கும் பொதுவா ஒரு பாஷை கிடையாதும்மா. கையில பருப்பை வச்சு, என் கையை மூடிட்டுப் போவார்" என்றான்.

"ஆய்வு பண்ணப் போற இடத்துல வாங்கிச் சாப்பிடலாமா?"

"பருப்புதானேம்மா."

"விதி புத்தகத்துல பருப்புக்கு விலக்கு இருக்கா?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

15 ஜனவரி, பொங்கல்

வீட்டு வேலை செய்யும் பஞ்சவர்ணம் வந்து கோலம் போட்டாள். ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தது. அழித்துப் போடச் சொன்னேன்.

25 ஜனவரி

கோதண்டராமன் காபிக்கு வந்தார். வந்தால் ஏதாவது குத்திவிட்டுத்தான் போவார்.

"சொன்னா கோச்சுக்கப்படாது மேடம். அந்த ஒப்பந்தத்துல நம்ம நாடே கையெழுத்துப் போடலை. நம்மாத்துப் பூட்டைத் தொடாதேன்னுட்டோம். உங்க பிள்ளை அடுத்தாத்துப் பூட்டை ஆட்டிப் பாக்கப் போயிருக்கான்."

"அவன் நம்ம நாட்டுக்கு வேலை பாக்கலை சார். உலகத்துக்குப் பாக்கறான்."

"உலகம்னா யாரு? சட்டம்னா மீறினவனைப் பிடிச்சு உள்ள போடணும். இதுல போலீஸ் யாரு? பெரிய ரௌடிதான் போலீஸ்."

அரசு எப்படி இந்த வேலைக்குப் போனான் என்று கேட்டார். அவருக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னேன்.

1987 மார்ச். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கணிதத் தாள். நான் தலைமையாசிரியை, தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர். வினாத்தாள் கட்டை அலமாரியிலிருந்து எடுத்து, இரண்டு மாணவிகளிடம் அரக்கு முத்திரையைக் காட்டி, கலையவில்லை என்று கையெழுத்து வாங்கிய பிறகுதான் பிரிக்க வேண்டும். அன்று கட்டின் ஒரு மூலையில் முத்திரை உடைந்திருந்தது. திருப்பி வைத்துக் காட்டினால் மாணவிகளுக்குத் தெரியாது. மற்ற ஆசிரியைகள் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள். நான் கட்டைப் பிரிக்கவில்லை. "முத்திரை உடைந்திருந்தது. காரணம் தெரியவில்லை" என்று இரண்டே வாக்கியம் எழுதி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினேன். எங்கள் மையத்தில் தேர்வு நிறுத்தப்பட்டது. பிறகு மறுதேர்வு நடந்தது. மாவட்டக் கூட்டத்தில் அதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அரசுவுக்கு அப்போது எட்டு வயது. சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கதையைக் கேட்பான்.

"அப்ப அந்த முத்திரையை யாருதான் உடைச்சா?" என்றார் கோதண்டராமன்.

"காரணம் எழுதறது கண்காணிப்பாளரோட வேலை இல்லை" என்றேன்.

8 பிப்ரவரி, ஞாயிறு

நான்கு நிமிடம்தான் பேசினான். மேலே விமானச் சத்தம் கேட்டது. "பயிற்சியாம்" என்றான். யாருடைய பயிற்சி என்று நான் கேட்கவில்லை. ஸ்வெட்டர் போட்டிருக்கிறானா என்று கேட்டேன்.

19 பிப்ரவரி

கியாஸ் வந்தது. வடாம் மாவு கிளறினேன். ஐம்பத்தாறாவது வடாத்துக்குமேல் கை வலித்ததால் மீதியைப் பஞ்சவர்ணம் பிழிந்தாள். இவளுக்கு எல்லாமே ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

2 மார்ச்

பொதுத்தேர்வு தொடங்கிவிட்டது. பால்கனியிலிருந்து பார்த்தால் பள்ளி வாசலில் பெண்கள் தலைக்கு மேல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. ஓய்வு பெற்று இருபத்தோரு வருடமாகியும் மார்ச்சில் எனக்குப் பசி எடுப்பதில்லை.

முத்திரை உடைந்த அந்த வருடம் அலமாரிச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு, அறை வாசலிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தவர் அட்டெண்டர் அய்யாக்கண்ணு. கட்டை எடுத்த பிறகு அலமாரியைப் பெருக்கச் சொன்னது நான்தான். உடனே பெருக்கச் சொன்னேன். சுத்தம் எனக்கு முக்கியம்.

8 மார்ச், ஞாயிறு

நான்கு மணி அடிக்கும் முன்பே அரசு பேசினான். அதுவே சரியில்லை.

"அம்மா, பேரு ஊரு இல்லாம ஒண்ணு கேக்கலாமா?"

"வேலை சம்பந்தமா இருந்தா கேக்கக் கூடாது."

"தெரியும். கேக்கறேன்."

அவன் விதியை மீறுவது இதுதான் முதல் தடவை. கண்டித்தேன். பிறகு கேட்டுக்கொண்டேன்.

கிடங்கில் இருபத்து மூன்று முத்திரைகள். இருபத்திரண்டு சரியாக இருக்கின்றன. ஒன்றில் கம்பி அறுந்திருக்கிறது.

"எப்படியாம்?"

"அந்தப் பெரியவர் ஒளிக்காமச் சொல்லிட்டார்ம்மா. என்கூட இருக்கற ஆய்வாளருக்கு அவர் பாஷை தெரியும். பல்பு மாத்த ஏணியை இழுத்தாராம். ஏணிக் கால் கம்பியில மாட்டிக்கிச்சாம். ஏணியைக் கொண்டுவந்து காட்டினார். கால்ல பித்தளை உரசின தடம் மஞ்சளாத் தெரியுது. ஆனா எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். போட்டா அவங்க ஆளுங்களே உளவாளின்னு இழுத்துட்டுப் போயிடுவாங்களாம்."

"நீ நம்பறியா?"

"நம்பறேன்."

"உள்ள இருக்கறதை அளந்து பாக்க வேண்டியதுதானே?"

"அளக்கற கருவி பழுது. புதுசு வர பத்து நாளாகும். அந்த ஆய்வாளர் சொல்றா, பத்து நாள் பொறுத்து, அளந்துட்டு, ஏணி, கம்பி, அளவு எல்லாத்தையும் ஒரே அறிக்கையா எழுதிடலாம்னு. இப்ப எழுதினா முத்திரை உடைஞ்சிருக்கு, உள்ள இருக்கறது சரிபாக்கலைன்னுதான் எழுத முடியும். இந்த நேரத்துல அந்த ரெண்டு வரி எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும்."

"விதி என்ன சொல்லுது?"

"இருபத்து நாலு மணி நேரத்துல தெரிவிக்கணும்."

"அப்புறம் என்ன கேள்வி?"



"ஏணியைப் பத்தியாவது எழுதலாமா அம்மா?"

"ஏணி மாட்டினதை நீ பாத்தியா?"

"இல்லை."

"கண்டதை எழுது. காரணம் எழுதறது உன் வேலை இல்லை."

"சரிம்மா" என்றான். எட்டு வயதில் சொன்ன அதே "சரிம்மா".

மனம் நிறைவாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் ஓர் இட்லி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

9 மார்ச்

செக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது.

14 மார்ச்

எல்லாச் சேனலிலும் அதே இரண்டு வரி. எப்படி வெளியே வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. "கிடங்கில் ஒரு முத்திரை உடைந்திருந்தது. உள்ளிருப்பவை சரிபார்க்கப்படவில்லை." பெரிய நாடு ஒன்றின் தலைவர் அந்தத் தாளை உயர்த்திக் காட்டுகிறார். ஒரு குண்டுக்கான சரக்கு காணாமல் போய்விட்டது என்கிறார். அறிக்கையில் அப்படி இல்லை. "காணாமல்" என்ற சொல்லே அதில் கிடையாது.

அது அரசுவின் வாக்கியம் என்று கேட்டதுமே தெரிந்தது. தேவையில்லாத சொல் ஒன்றுகூட இல்லை.

பஞ்சவர்ணம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே டிவியைப் பார்த்தாள். "ஏன் டீச்சரம்மா, பூட்டு ஒடஞ்சிருந்தா உள்ள சாமான் இருக்கான்னுதானே மொதல்ல பாப்பாங்க? பூட்டு ஒடஞ்சிருச்சுன்னு மட்டும் சொல்லி ஊரைக் கூட்டுனா, ஊரு வெளக்கமாத்த தூக்கிட்டுத்தானே வரும்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. அடிப்பிடிச்ச பாத்திரத்தை இன்னொரு தரம் தேய்" என்றேன்.

கோதண்டராமன் இறங்கி வந்தார்.

"மேடம், இது நம்ம அரசு எழுதினதா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா தெரியும்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே போய்விட்டார். அவர் காபி குடிக்காமல் போனது இதுதான் முதல் முறை.

15 மார்ச், ஞாயிறு

நான்கு மணி. நான்கரை. ஐந்து. போன் வரவில்லை.

வடாமை டப்பாவில் எடுத்து வைத்தேன். அளவு வாரியாகப் பிரித்து வைத்தேன்.

18 மார்ச்

உலக நாடுகளின் சபை கூடியது. தாக்குதல் வேண்டாம் என்ற தீர்மானத்துக்கு எதிராக, வீட்டோ உரிமை உள்ள ஒருவர் கை தூக்கினார். கலைந்தது.

அணு உலைகளைத் தாக்கக் கூடாது என்று போர்ச் சட்டத்தில் இருக்கிறது, ஆகவே பயமில்லை என்று ஒரு பேராசிரியர் டிவியில் சொன்னார். இன்னொருவர் குறுக்கிட்டார். மின்சாரம் எடுக்கும் உலை என்றுதான் அதில் எழுதியிருக்கிறதாம். அணைக்கட்டு என்று இருக்கிறது, வெள்ளம் தடுக்கும் கரை என்று இருக்கிறது. கிடங்கு என்று இல்லையாம்.

எழுதாமல் விட்டதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்கிறார்கள்.

22 மார்ச், ஞாயிறு

நான்கு மணிக்கு மணியடித்தது. கை ஈரத்தோடு எடுத்தேன்.

"கிளம்பச் சொல்லிட்டாங்கம்மா. எல்லை தாண்டிட்டோம்."

"இன்னும் பதினாலு நாள் இருக்கே."

"இருக்கு. ஆனா யாரோ எங்க ஆபீசுக்கு போன் பண்ணி, உங்க ஆளுங்களைக் கூப்பிட்டுக்கோங்கன்னு சொல்லியிருக்காங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"கருவி வந்துச்சா?"

"நேத்து சாயந்திரம் வந்துச்சு. பெட்டியே பிரிக்கலை."

"அந்தப் பெரியவர்?"

"கேட் வரைக்கும் வந்தார்."

அவன் பத்திரமாக இருக்கிறான். நாளை பஞ்சவர்ணம் வந்ததும் மாணிக்க விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைக்க அனுப்ப வேண்டும்.

25 மார்ச்

விடிகாலையில் அடித்துவிட்டார்கள். கிடங்கு இருந்த இடத்தில் பள்ளம். அதை ஒட்டித் தொழிலாளர் குடியிருப்பு இருந்ததாம்.

26 மார்ச்

நூற்றுப் பதினான்கு பேர் என்கிறார்கள். நேற்று எழுபது என்றார்கள்.

இன்னொரு நாடு பதிலுக்கு எங்கோ அடித்திருக்கிறது. டிவியில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள்.

"அந்தக் காத்து நம்ம ஊருக்கு வருமா டீச்சரம்மா?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

வராது என்றேன். சாயந்திரம் கொடியில் காய்ந்த துணியை அவள் இரண்டு முறை உதறி எடுத்ததைப் பார்த்தேன். 

27 மார்ச்

அணுச் சரக்கு முழுவதையும் அழித்துவிட்டோம் என்கிறார் ஒரு தலைவர். அதை முன்பே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இன்னும் அடிக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். இனி யாரும் அளந்து பார்க்க முடியாது. இருந்ததா, இல்லையா என்பதற்கு இனிமேல் பதிலே கிடையாது.

29 மார்ச், ஞாயிறு

அரசு வந்துவிட்டான். சென்னையிலிருந்து காரில் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. நாற்பத்தேழு வயதில் இத்தனை நரை அவன் அப்பாவுக்கு இல்லை. அவர் பொன்மலை ரயில் பட்டறையில் நாற்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவர், போகும்போது தலை கறுப்பாகத்தான் இருந்தது.

பெட்டியில் நான்கு சட்டையும் ஒரு துணிப் பையும். பை நிறைய அக்ரூட். "கிளம்பறப்ப வண்டி ஜன்னல் வழியா உள்ள போட்டார்" என்றான். மேஜையில் வைத்தவன் அதைத் திறக்கவில்லை.

"அவர் வீடு எங்க?"

"அந்தக் குடியிருப்புலதாம்மா."

கத்தரிக்காய் வதக்கல், ரசம், அப்பளம். பாதி சாப்பிட்டான். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

31 மார்ச்

அவன் வேலையை விட்டுவிட்டான். ராஜினாமாக் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் திருத்தியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். ஹாஸ்டலிலிருந்து அவன் எழுதும் கடிதங்களில் இடப்பக்கம் ஓர் அங்குலம் ஓரம் விடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு அதைக் கான்வென்ட்டில் மதர் கிளோட்டில்ட் ஸ்கேலை வைத்துக் கற்றுக்கொடுத்தார்.

கோதண்டராமன் அவனைப் பார்க்க வந்து, அரை மணி நேரம் கிரிக்கெட் பேசிவிட்டுப் போனார். மனிதர் கெட்டவர் இல்லை.

3 ஏப்ரல்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அரசு திடீரென்று கேட்டான்.

"அம்மா, உங்க கதையில வர்ற அட்டெண்டர் என்ன ஆனாரு?"

"கதையில அட்டெண்டர் கிடையாது."

"நீங்க சொன்னதுல இல்லைதான். ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு. நம்ம வீட்டு கேட்டுக்கு எதிர்ல ஒருத்தர் தினமும் வந்து நிப்பார். காக்கிச் சட்டை. உள்ள வர மாட்டார், பேச மாட்டார். நீங்க என் கையைப் பிடிச்சு ரிக்சாவுல ஏத்தி, அந்தப் பக்கம் பாக்காதேம்பீங்க."

பதினொரு நாள் வந்தார். நான் எண்ணியிருக்கிறேன்.

"அய்யாக்கண்ணு. சஸ்பெண்ட் பண்ணினாங்க. விசாரணை நடந்தது."

"முடிவு?"

"நாலு வருஷம் கழிச்சு வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லைன்னு. எனக்கு ஒரு நகல் அனுப்பினாங்க."

"வேலைக்குத் திரும்பினாரா?"

"உத்தரவு வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி இறந்துட்டார்."

"இது எதுவுமே நீங்க சொன்னதில்லையே அம்மா."

"நீ கேட்கலை."

"இப்பக் கேக்கறேன். அன்னிக்கு அலமாரிக்குள்ள என்ன இருந்துச்சு?"

தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்தப் போனேன். திரும்பி வந்தபோது அவன் அறைக்குப் போயிருந்தான்.

4 ஏப்ரல்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

5 ஏப்ரல், ஞாயிறு

தொண்ணூறாவது நாள். அந்த நாடு சட்டப்படி ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டது. இனி அவர்கள் குண்டு செய்வார்கள். செய்யாமல் இருந்ததற்குக் கிடைத்ததைப் பார்த்த பிறகு யார்தான் செய்யமாட்டார்கள்? பக்கத்து நாடுகளில் இரண்டு இன்று காலை நோட்டீஸ் கொடுத்திருக்கின்றன. கோதண்டராமன் கத்தவில்லை. செய்தித்தாளை மடித்துக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்.

நான்கு மணி ஆயிற்று. போன் பண்ண வேண்டியவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

முழுத்தாள் ஒன்று எடுத்துவந்து, இடப்பக்கம் ஸ்கேல் வைத்து ஓர் அங்குலம் கோடு போட்டேன். அனுப்புநர் என்று எழுதி, அதன் கீழே மங்கையர்க்கரசி சிதம்பரநாதன், தலைமையாசிரியை, ஓய்வு என்று எழுதினேன். பெறுநர் என்று எழுதினேன். அங்கே பேனா நின்றுவிட்டது. அந்த மாவட்டக் கல்வி அலுவலரும் இப்போது இல்லை. அய்யாக்கண்ணுவுக்கு ஒரு மகள் இருந்ததாக ஞாபகம். பெயர் தெரியாது. கேட்டு வைத்துக்கொண்டதில்லை.

கீழே எழுதினேன்:

"1987 மார்ச்சில் நான் அனுப்பிய அறிக்கையில் விட்டுப்போனது. வினாத்தாள் கட்டின் மூலையில் கோதுமைப் பசை தடவிய துணி கடிபட்டிருந்தது. அலமாரித் தட்டில் எலிப் புழுக்கை மூன்று இருந்தன. அரக்குத் தூள் உதிர்ந்திருந்தது. கண்டேன். எழுதவில்லை. அலமாரியைப் பெருக்கச் சொன்னேன். பெருக்கியவர் அட்டெண்டர் அய்யாக்கண்ணு."

கையெழுத்துப் போட்டேன். வழக்கப்படி கீழே சாட்சிக்கு இரண்டு கோடு போட்டுத் தாளை அரசு பக்கம் தள்ளினேன்.

அவன் இரண்டு தரம் படித்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டான். பிறகு, "ஒரு தாள் குடுங்கம்மா" என்றான்.

அவன் எழுதுவதைத் தலைகீழாகவே படித்தேன். பல வருடப் பழக்கம். "ஏணியின் காலில் பித்தளை உரசிய தடம் இருந்தது. கண்டேன். எழுதவில்லை." அந்தப் பெரியவரின் பெயரையும் எழுதினான். அதை நான் இங்கே எழுதவில்லை. அவன் தாளிலும் பெறுநர் என்பதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு இரண்டு கோடும் போட்டு என் பக்கம் நகர்த்தினான். முதல் கோட்டில் நான் போட்டேன்.

இரண்டு தாளிலும் இரண்டாவது கோடு காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணம் வரமாட்டாள். வந்தாலும் எதற்குக் கையெழுத்து என்று கேட்பாள்.

அக்ரூட் பையை அவிழ்த்து ஒன்றை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினேன். பாதியை அவன் கையில் வைத்தேன்.

அவன் தாளில் ஓரம் விடாமல் எழுதியிருந்தான். நான் சொல்லவில்லை.